முதல் பின்னல் மப்ளராக இருக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீட்டில் இருந்தபடியே கிடைக்கும் சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் நிட்டிங்குக்கும் ஒரு பத்தி கொடுத்திருந்தீர்கள். இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் போதும், ஒரு மப்ளரில் தொடங்குங்கள், மனம் லேசாகிவிடும் என்று அந்தப் பத்தி சொன்னது. அதை நம்பி ஊசி வாங்குகிறவர்களில் பாதிப்பேர் மப்ளரின் கால் பங்கோடு நிறுத்தி, அதை ஊசியோடு சேர்த்து அலமாரியின் அடித்தட்டில் போட்டுவிடுவார்கள். மனம் லேசாவது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சில சங்கதிகள் கட்டுரையில் விட்டுப்போயின.

முதலில் ஒரு திருத்தம். கட்டுரையோடு வந்த படத்தில் இருந்தது குரோஷா. அதில் கொக்கி ஒன்றுதான். பெரும்பாலான வேலைகளில் எந்த நேரமும் ஒரே ஒரு கண்ணிதான் (நூல் வளையம்தான்) திறந்திருக்கும். கொக்கி நழுவினால் அதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். நிட்டிங்கில் ஒரு வரிசையின் அத்தனை கண்ணிகளும் ஊசியில் திறந்தபடி காத்திருக்கும். புதியவர்களின் பயம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மப்ளர் ஏன் வேண்டாம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர நூலில் 20 செ.மீ. அகலத்துக்குச் சுமார் 42 கண்ணி வரும். எல்லா வரிசையையும் நிட்டாகவே (நூலைப் பின்னால் வைத்து, கண்ணியின் வழியாகப் புதுக் கண்ணியை முன்னால் இழுக்கும் அடிப்படைப் பின்னல்) போட்டால் 10 செ.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 40 வரிசை, 150 செ.மீ. நீளத்துக்கு 600 வரிசை. மொத்தம் 25,000 கண்ணிக்கு மேல். புதிதாகக் கற்பவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டு கண்ணி போட்டால் 35 மணி நேரம் ஆகும். அதற்குள் கை பழகி இறுக்கம் மாறிவிடும்; தொடக்க முனை ஒரு அகலம், இறுதி முனை வேறு அகலம். நடுவில் எங்கோ கண்ணி கூடிப்போய் ஓரம் சாய்ந்திருக்கும். முதல் முயற்சி இரண்டு மூன்று மாலைகளில் முடிந்து கையில் கிடைக்க வேண்டும்.

நூல் வாங்கும்போது வெளிர்நிறத்தில், வழவழப்பாக, நன்றாக முறுக்கேறிய ஒற்றை நிற நூலாகப் பாருங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி தெரியாது. பஞ்சுபோல மயிர் நிற்கும் மொஹேர் வகை கடையில் கண்ணைப் பறிக்கும், ஆனால் தப்பு நேர்ந்தால் பிரிக்க விடாது. இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஊசி மூங்கிலிலோ மரத்திலோ இருக்கட்டும். உலோக ஊசியில் கண்ணி வழுக்கும். இறுக்கிப் போடும் கைக்கு அது நல்லது, பழகாத கைக்கு ஆபத்து. ஊசியின் அளவை எப்போதும் மில்லிமீட்டரில் கேளுங்கள். எண்ணை நம்பினால் மோசம் போவீர்கள்: பழைய பிரிட்டிஷ் முறையில் 8ஆம் எண் என்றால் 4 மி.மீ., அமெரிக்க முறையில் அதே 8ஆம் எண் 5 மி.மீ. பிரிட்டிஷ் எண் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க எண் ஏற ஏற ஊசி பருக்கும். வீட்டுப் பெட்டியில் கிடைத்த பழைய ஊசியோடு இணையத்தில் எடுத்த வடிவத்தை (பின்னல் குறிப்பை) வைத்துப் பின்னுகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் வேலையாக ஒரு பாத்திரம் துடைக்கும் துணியைப் பின்னலாம். சதுரமாக, மூலையில் தொடங்கி மூலையில் முடியும் பழைய வடிவம் ஒன்று உண்டு. நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல் 50 கிராம், 4.5 மி.மீ. ஊசி. அக்ரிலிக் வேண்டாம், அது தண்ணீரை உறிஞ்சாது. 4 கண்ணி ஏற்றி (வெறும் ஊசியில் தொடக்கக் கண்ணிகளைப் போட்டு) ஒரு வரிசை நிட் போடுங்கள். அடுத்து ஒவ்வொரு வரிசையிலும்: 2 நிட், நூலை முன்பக்கம் கொண்டுவந்து வலது ஊசியின் மேலாகப் பின்பக்கம் எடுத்துச் செல்லுங்கள், மீதி எல்லாம் நிட். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டை விழும். 44 கண்ணி ஆனதும் திரும்புங்கள். இனி ஒவ்வொரு வரிசையிலும்: 1 நிட், இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து நிட், முன்போலவே நூலை ஊசிமேல் போடுதல், மறுபடி இரண்டை ஒன்றாக நிட், மீதி நிட். இரண்டு குறைந்து ஒன்று கூடுவதால் வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். 4 மிஞ்சியதும் அடைத்துவிடலாம் (பிரியாதபடி முடித்து ஊசியிலிருந்து எடுத்துவிடலாம்).

இதில் பர்ல் (நிட்டுக்கு எதிராக, நூலை முன்னால் வைத்துப் போடுவது) போடவே தேவையில்லை. வரிசையை எண்ணிக் குறித்துவைக்கவும் வேண்டாம்; ஊசியில் எத்தனை கண்ணி இருக்கிறது என்று பார்த்தாலே எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஏமாறுவார்கள். 44 கண்ணி ஊசியில் 24 செ.மீ. அகலம் காட்டும், முடிந்த துணியோ பக்கத்துக்கு 17 செ.மீ.தான் இருக்கும். நீங்கள் பின்னும் வரிசை சதுரத்தின் பக்கமல்ல, மூலைவிட்டம். பக்கம் 23 செ.மீ. வேண்டுமென்றால் 60 கண்ணி வரை ஏற வேண்டும். அப்போது நூல் இன்னும் ஓர் உருண்டை தேவைப்படலாம். நூலை ஊசிமேல் போட மறந்தால் ஓரத்தில் அந்த ஓட்டை இருக்காது. ஏறும் பாதியில் கண்ணி கூடாமல் நின்றுவிடும், இறங்கும் பாதியில் ஒன்றுக்கு இரண்டாகக் குறைந்து ஓரம் சுருங்கும். ஓட்டைகளை வரிசையாகத் தடவிப் பார்த்தாலே எங்கே மறந்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

நேர்வரிசைப் பின்னலில் கண்ணி தானாகக் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. முதலாவது, வரிசை தொடங்கும்போது நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுக்கப்பட்டிருக்கும். அப்போது முதல் கண்ணி தூக்கப்பட்டு, அதன் இரண்டு கால்களும் இரண்டு கண்ணிகள்போலத் தெரியும். புதியவர் இரண்டிலும் நிட் போடுவார். ஒவ்வொரு வரிசையிலும் இப்படி நடந்தால் சதுரமாக வர வேண்டியது விசிறியாகிவிடும். நூலை ஊசிக்குக் கீழே விட்டுத் தொடங்கினால் தீர்ந்தது. இரண்டாவது, நிட் போடும்போது நூல் முன்பக்கமே தங்கிவிடுவது. அது ஒரு கண்ணியையும் நடுவில் ஓர் ஓட்டையையும் சேர்த்தே கொண்டுவரும்.

கண்ணி நழுவினால்? பதற வேண்டாம். கம்பளி நூலில் அது உடனே ஓடி இறங்காது; பருத்தியும் அக்ரிலிக்கும் கொஞ்சம் வேகம். முதலில் ஒரு ஊக்கை அந்தக் கண்ணியில் குத்தி நிறுத்துங்கள். பிறகு குரோஷாக் கொக்கியால் (தங்கள் படத்தில் இருந்ததே, அதுதான்) கண்ணியைப் பிடித்து, அதற்கு மேலே ஏணிப்படிபோலக் கிடக்கும் நூலைக் கண்ணிக்குள் இழுத்து, படிப்படியாக ஏற்றி ஊசியில் மாட்டலாம். ஒருபக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று போட்ட பின்னலில் எல்லாப் படியையும் முன்பக்கமிருந்தே ஏற்றலாம். எல்லாம் நிட்டாகப் போட்ட பின்னலில் ஒரு படி முன்பக்கமிருந்து, அடுத்த படி பின்பக்கமிருந்து. மாட்டும்போது கால்களைக் கவனியுங்கள். கண்ணி ஊசியின்மேல் குதிரையேறி உட்கார்ந்திருக்கும். வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போயிருந்தால் அந்தக் கண்ணி முறுக்கிக்கொண்டு, முடிந்த துணியில் தனியாகத் தெரியும்.

இறுக்கம் பற்றி ஒரு வார்த்தை. கண்ணியின் அளவைத் தீர்மானிப்பது ஊசியின் பருத்த தண்டு. கூம்பிய முனையிலேயே கண்ணியைப் போட்டு இறுக்கினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையவே நுழையாது. ஒவ்வொரு கண்ணியும் தண்டுவரை போய் உட்கார்ந்த பிறகுதான் அடுத்தது. கண்ணி ஏற்றும் வரிசையும் அடைக்கும் வரிசையும் மட்டும் இறுகிப்போகிறவர்கள் அந்த இரண்டுக்கும் அரை அல்லது ஒரு மில்லிமீட்டர் பெரிய ஊசியை எடுக்கலாம். கழுத்துக்குள் தலை நுழையாத ஸ்வெட்டர்கள் பலவற்றுக்கு அடைப்பு வரிசைதான் காரணம்.

கட்டுரை சொன்ன அந்த இதத்துக்கு வருகிறேன். அது எந்த நேரத்துக்கு எந்த வேலை என்று தெரிந்து எடுப்பதில் இருக்கிறது. பேச்சுக்கும் வானொலிக்கும் நடுவே பின்ன எல்லாம் நிட்டாக வரும் துணி போதும். விரல் தானாக நடக்கும், கண் தேவைப்படாது. ஓட்டைகளாலேயே வடிவம் வரும் லேஸ் வேலையைக் கூட்டத்தில் எடுத்தால் ஒரு சிரிப்புக்கு ஒரு ஓட்டை தவறும். அதைத் தனியாக இருக்கும் பொழுதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை, மெல்லிய வேறு நிற நூல் ஒன்றை மழுங்கிய ஊசியில் கோத்து அத்தனை கண்ணிகளின் வழியாகவும் ஓட்டி வையுங்கள். பிறகு தப்பு நேர்ந்தால் அந்த வரிசைவரை தாராளமாகப் பிரிக்கலாம். பிரிப்பதும் இந்த வேலையின் ஒரு சுகம்தான். வெட்டிய துணிக்கு இல்லாத மறுவாய்ப்பு பின்னிய துணிக்கு உண்டு. பிரித்த கம்பளி நெளிநெளியாக இருக்கும். சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் நெளிவு பெரும்பாலும் போய்விடும்.

வரிசை நடுவில் எழுந்து போகாதீர்கள். திரும்பி வந்தால் எந்தப் பக்கம் போவது என்று குழம்பும். திசை மாறினால் ஓர் ஓட்டையும் ஒருபக்க உயரமும் மிஞ்சும். போக நேர்ந்துவிட்டால், உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறதோ அது வலது கைக்கு. இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியை வைத்துவிட்டு விரலை விரித்து மூடுங்கள். இரவில் அடர்நிற நூலென்றால் மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள், கண்ணியின் இடைவெளி பளிச்சென்று தெரியும்.

அடுத்த கட்டமாக ஸ்வெட்டருக்குப் போகிறவர்கள் கண்ணியின் அளவு பார்க்கப் பின்னும் மாதிரித் துண்டைத் தவிர்க்கவே கூடாது. 30 கண்ணி ஏற்றி 12 செ.மீ. உயரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ. மட்டும் அளந்து அதில் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். ஓரக் கண்ணிகள் பொய் சொல்லும். வடிவம் 22 கண்ணி கேட்டு உங்கள் கை 20 காட்டினால் சின்ன வித்தியாசம்போல இருக்கும். ஆனால் 100 செ.மீ. சுற்றளவுக்கு 220 கண்ணி போட்டால் வருவது 110 செ.மீ. ஸ்வெட்டர். ஊசியை ஒரு படி சிறிதாக்கி மறுபடி பாருங்கள். தேவையான நூல் முழுவதையும் ஒரே சாய எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய தொகுதியைக் காட்டும் எண்) பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். உருண்டையில் தெரியாத நிறபேதம் முதுகில் கோடாகத் தெரியும்.

முடித்தபின் நூல்முனையை முடிச்சுப்போட்டு வெட்டிவிடுகிறார்கள். முடிச்சு அவிழும், அல்லது உறுத்தும். 15 செ.மீ. விட்டு, மழுங்கிய ஊசியால் ஒரு திசையில் ஐந்தாறு செ.மீ. ஓட்டி, திரும்பிக் கொஞ்சம் ஓட்டி வெட்ட வேண்டும். கம்பளியை வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அமுக்கி, படுக்கையாக விரித்துக் காயவைக்க வேண்டும். கொடியில் போட்டால் சொந்த எடையிலேயே நீண்டுவிடும். சூடான தண்ணீரும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி சுருங்கி இறுகிப்போகும், மீட்க வழியில்லை. அக்ரிலிக்கின் எதிரி இஸ்திரிப்பெட்டி. ஒருமுறை சூடு பட்டால் துவண்டு, பழைய துள்ளல் திரும்பவே வராது.

அடுத்த இணைப்பில் இடமிருந்தால், கண்ணி ஏற்றுவதை நாலு படமாகப் போடுங்கள். நூல் எந்த விரலில் சுற்றுகிறது என்பது எழுத்தில் புரியாது, படத்தில் ஒரு நொடியில் புரியும். அச்சுக்குப் போகுமுன் படத்தில் ஊசி இரண்டு இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நிட்டிங் வகுப்பு எடுக்கும் ஒரு வாசகி