என்னை ஆட விடாமல் தடுத்தவர்களுக்கு

பன்னிரண்டு சீசன் சம்பளம் வாங்கிக்கொண்டு ஐஸ் ஹாக்கி ஆடினேன். ஓய்வு பெற்ற அன்று, பயிற்சியாளர்களுக்கும் ரசிகர்களுக்கும் நன்றி என்று நாலு வரி எழுதிப் போட்டேன். போட்ட கையோடு உறுத்தத் தொடங்கிவிட்டது. யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேனோ அவர்களில் ஒருவர்கூட அந்த நாலு வரியில் இல்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள், ஆகவே யார் பெயரும் இல்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் என் வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அணிப் பட்டியலில் தடுப்பாட்டக்காரன் என்று போட்டிருக்கும். முதல் ஆறு சீசன் நான் பார்த்தது சண்டைக்காரன் வேலை. எங்கள் ஆட்டத்தில் இரண்டு பேர் கையுறைகளை உதறிவிட்டு மோதினால் நடுவர்கள் உடனே விலக்குவதில்லை. ஒருவன் கீழே விழும்வரை, அல்லது இருவருக்கும் மூச்சு வாங்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் ஆளுக்கு ஐந்து நிமிடம் பெனால்டி பாக்ஸ், அதாவது தண்டனையாக வெளியே உட்கார வைக்கும் கூண்டு. 60 நிமிட ஆட்டத்தில் பல இரவுகள் நான் பனித்தளத்தில் இருந்தது ஐந்து நிமிடம்கூடத் தேறாது. பெனால்டி பாக்ஸில் உட்கார்ந்த நேரம் அதைவிட அதிகம். அதற்குத்தான் சம்பளம்.

வலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஹெல்மெட்டில் குத்தி விரல் முட்டிகள் கிழியும், கையைப் பனிக்கட்டி வாளியில் வைத்திருப்போம், ஆறிவிடும். ஆறாதது மதிய நேரம். ஆட்ட நாளில் எல்லோரும் மதியம் தூங்குவார்கள். எங்கள் தொழிலில் அது கிட்டத்தட்ட பூஜை மாதிரி. நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். இன்றைக்கு எதிரணியில் யார், அவனுக்கு எந்தக் கை பலம், போன முறை என் சட்டையை எப்படிப் பிடித்தான் என்று ஓடிக்கொண்டே இருக்கும். சில நாள் சண்டையே நடக்காது. அன்றும் இரவு தூக்கம் வராது. கைவலிக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒரு மாத்திரை என்று தொடங்கியது, எதற்கு எது என்று தெரியாத அளவுக்குப் போனது.

2011ஆம் ஆண்டு கோடையில் ஹாக்கி வீரர் டெரெக் பூகார்ட் இறந்துபோனார். 28 வயது. வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்து கொன்றுவிட்டன. ஆகஸ்டில் ரிக் ரிப்பியன், அதே மாதக் கடைசியில் வேட் பீலாக். நாலே மாதத்துக்குள் மூன்று பேர். மூன்று பேரும் சண்டைக்குப் பெயர் போனவர்கள். அவர்கள் என்.எச்.எல். என்ற பெரிய லீக்கில் இருந்தார்கள், நான் அதற்குக் கீழே பேருந்தில் ஊர் ஊராகப் போகும் லீக்கில் இருந்தேன். தொழில் ஒன்றுதான். அந்த வருடம் பயிற்சி முகாமில் என் அறைத் தோழன் என் பையைத் திறந்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். அவன் எண்ணி முடித்துவிட்டு, "நாற்பத்தொன்று. உதவி கேட்டு வீரர் சங்கத்துக்கு நீ போன் போடுகிறாயா, நான் போடட்டுமா?" என்றான். போனை நான்தான் போட்டேன். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தம்பி, அன்றைக்கு உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்பது எனக்கு மறக்கவில்லை. நீ மறந்தது போல நடிப்பதற்கும் சேர்த்து நன்றி.

மாத்திரை போனது. தலை மிச்சமிருந்தது.

சீசன் தொடங்கும் முன் எங்களுக்கு ஒரு பரிசோதனை வைப்பார்கள். சொற்களை நினைவு வைத்துச் சொல்ல வேண்டும், திரையில் வருவதைப் பார்த்து வேகமாகப் பொத்தானை அழுத்த வேண்டும். பின்னால் தலையில் அடிபட்டால் அதே பரிசோதனையை மறுபடி வைத்து ஒப்பிடுவார்கள். நான் செய்த தில்லுமுல்லு இதுதான்: முதல் தடவையே வேண்டுமென்று மோசமாகச் செய்வேன். பிறகு அடிபட்டாலும் மதிப்பெண் குறைந்ததாகத் தெரியாது, மறுநாளே ஆடலாம். இது நான் கண்டுபிடித்த தந்திரம் இல்லை, வீரர்கள் காதோடு காதாகச் சொல்லிக்கொள்வது. முன்பு இருந்த ஓர் அணியில் இதை யாரும் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணுக்கு முன்னால் விரலை நீட்டி எத்தனை என்று கேட்பார்கள், சரியாகச் சொன்னால் முதுகில் தட்டிப் பனிக்கு அனுப்புவார்கள்.

நீங்கள் கண்டுகொண்டீர்கள், சார். அணியின் உடற்சிகிச்சையாளராக நீங்கள் சேர்ந்த முதல் வாரம் அது. தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மோசமாகச் செய்பவன் ஷூ லேஸ்கூடக் கட்ட மாட்டான். மறுபடி எழுது" என்றீர்கள். ஜனவரியில் கீழே விழுந்து பின்மண்டை பனியில் மோதியபோது நான் பெஞ்சுக்கு வந்து, ஒன்றுமில்லை, என் முறை வந்ததும் மறுபடி இறங்குகிறேன் என்றேன். நீங்கள் வாதாடவில்லை. என் ஹெல்மெட்டை எடுத்து எங்கோ ஒளித்து வைத்துவிட்டீர்கள். ஹெல்மெட் இல்லாமல் எப்படி இறங்குவது? இருபதாயிரம் கண் பார்க்க உங்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். (சரி, ஆறாயிரம் இருக்கும். எங்கள் லீக்கில் அவ்வளவுதான் கூட்டம்.)

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருட்டறை. பல் துலக்கும் சத்தம்கூடத் தலைக்குள் இடிக்கும். என் மனைவி திரைச்சீலைகளை ஊக்கு குத்தி இணைத்து வைத்தாள். இரண்டாம் மாதம் நான் குணமாகிவிட்டதாக அணியிடம் சொன்னேன். அவள் எனக்குத் தெரியாமல் போன் செய்து, "பொய் சொல்கிறார், நேற்று பால் வைத்ததை மறந்து அடுப்பைக் கருக்கினார்" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். துரோகம் என்றே சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. நீ அதையும் பொறுத்துக்கொண்டாய்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, என்னைக் கீழே தள்ளியவனிடமிருந்து. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். "தலை எப்படி இருக்கிறது? உன்னோடு ஆட்டம் என்றால் எனக்கு மதியம் தூக்கமே வராது" என்று மட்டும் எழுதியிருந்தான். ஆறு வருடம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேனே, அந்த நேரத்தில் இன்னொரு அறையில் அவனும் அப்படியே கிடந்திருக்கிறான். அந்தச் செய்தியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கடைசியாக, எங்கள் சாமான் அறைப் பெரியவருக்கு. ஸ்கேட்டின் அடிப்பக்கத்தில் நடுவே மெல்லிய பள்ளம் விழும்படி சாணை பிடிப்பார்கள், அப்போதுதான் இரண்டு ஓரமும் பனியைக் கவ்வும். ஓடினால் அந்த ஓரம் மழுங்கும். நான் திரும்பி வந்த முதல் வாரம், என் ஸ்கேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டீர்கள்: "இத்தனை வருடமாக உன் பிளேடு மட்டும் ஏன் மழுங்குவதே இல்லை, தெரியுமா?" எனக்கு முகம் சிவந்துவிட்டது. மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன் எனக்காகப் பனித்தளத்தைத் திறந்து வைத்தீர்கள். பின்னோக்கி ஓடுவதையும் திரும்புவதையும் சிறுபையன் போல மறுபடி பழகினேன். கடைசி ஆறு சீசனும் தடுப்பாட்டம்தான் ஆடினேன். மொத்தம் மூன்று கோல். ஒன்று எங்கள் பக்கமே போட்டது, அதைச் சேர்க்கவில்லை.

உங்கள் மேசையில் இருந்த சின்னத் தீட்டுக்கல் காணாமல் போய்விட்டது என்று அறை முழுக்கத் தேடினீர்களே. அது என்னிடம்தான் இருக்கிறது. கடைசி ஆட்டத்தன்று எடுத்தேன். கேட்டால் கொடுத்துவிடுகிறேன், ஆனால் தயவுசெய்து கேட்காதீர்கள்.