ஒரு கோலில் தோற்கும் டீமைக் கலைக்காதீர்கள்: எங்கள் கிளப் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் கமிட்டியில் இருக்கும் மற்ற பெரியவர்களுக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்தில் கோச்சை மாற்றுவது பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று நம்ம பெங்களூரு ஆஸ்டின் டவுன் முழுக்கப் பேச்சாக இருக்கிறது. கீப்பரையும், அவனுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பரையும் உட்கார வைத்துவிட்டு, வெளியிலிருந்து காசு கொடுத்து இரண்டு மூன்று பேரைக் கொண்டுவரும் யோசனையும் இருக்கிறதாம். கூட்டத்தில் பேச எனக்கு இடம் கிடையாது. இந்த கிளப்புக்கு ஒரு காலத்தில் ஆடினவன், இப்போது மேட்ச் நாளில் பந்துப் பையையும் தண்ணீர் கேனையும் தூக்கிக்கொண்டு பையன்களோடு நிற்கிறவன். ஆனால் மேட்ச் முடிந்து அவர்கள் ஷூவைக் கழற்றும்போது பக்கத்தில் இருப்பது நான்தான், அதனால் சொல்கிறேன். தயவுசெய்து அந்த முடிவை எடுக்காதீர்கள்.

இந்த டீம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். போன சீசன் முடிந்ததும் பாதிப் பேர் போய்விட்டார்கள், சிலர் வேறு கிளப்புக்கு, பலர் வேலைக்கு. முன்பெல்லாம் ஆஸ்டின் டவுனிலோ கௌதமபுரத்திலோ ஒரு பையன் நன்றாக ஆடினால் ஐடிஐ, எச்ஏஎல் என்று ஏதாவது ஒரு பொதுத்துறை டீம் அவனைக் கூட்டிப்போகும், ஆட்டத்தோடு வேலையும் கிடைக்கும், முப்பது வயது தாண்டியும் ஆடுவான். இப்போது அந்த வழி சுருங்கிவிட்டது, இருபத்திரண்டு வயதிலேயே டெலிவரி வண்டியா பந்தா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அப்படி முடிவு செய்து பந்தை விட்டவர்களின் இடத்தில்தான் இந்தச் சின்னப் பையன்களை நிறுத்தியிருக்கிறோம். "ரெண்டு வருஷம் ஆகட்டும், பொறுமையா கட்டுவோம்" என்று சீசன் தொடக்கத்தில் பூஜை போட்டபோது சொன்னது நீங்கள்தான்.

அப்புறம் மேட்ச் தொடங்கியது. யாரும் நம்மை நாலு, அஞ்சு கோல் போட்டு அடிக்கவில்லை. 0-1, 1-2, மறுபடியும் 0-1. அதுவும் முக்கால்வாசி கடைசிக் கால்மணி நேரத்தில் வாங்கிய கோல்.

நாலு கோலில் தோற்றால் எல்லோருக்கும் விஷயம் தெளிவாகத் தெரியும், எதிரி பெரியவன், நாம் இன்னும் நிறைய வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான், பையன்கள் அன்றைக்கு ராத்திரி தூங்கிவிடுவார்கள். ஒரு கோலில் தோற்றால் அப்படி இல்லை. எல்லோர் மனதிலும் அந்த ஒரு நிமிஷம் திரும்பத் திரும்ப ஓடும், அந்த ஒரு நிமிஷத்தில் பந்துக்குப் பக்கத்தில் யார் இருந்தானோ அவன் மேல் தொண்ணூறு நிமிஷத்தின் பாரமும் ஏறிவிடும். கீப்பர் கையிலிருந்து பந்து நழுவினால் தோற்றது கீப்பரால். அதற்கு முன் நாம் தவறவிட்ட ரெண்டு ஓபன் சான்ஸ் கணக்கில் வராது, நடுவில் பந்தை விட்டுக்கொடுத்தது கணக்கில் வராது, எழுபத்தைந்தாவது நிமிஷத்தில் மூன்று பேருக்குக் கால் பிடித்துக்கொண்டும் மாற்ற ஆள் இல்லாமல் அவர்களே நொண்டி நொண்டி ஓடியதும் கணக்கில் வராது.

அன்று சாயங்காலமே கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் பெரியவர் ஒருவரின் வாய்ஸ் நோட் வருகிறது, பையனின் பேரைச் சொல்லி. அந்தக் குரூப்பில் அவனுடைய அப்பா இருக்கிறார், மாமா இருக்கிறார், கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சொன்னவர் கிளப் மேல் இருக்கும் பாசத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அந்தப் பையனை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அடுத்த மேட்சில் அவன் நிற்கிற இடத்தைப் பாருங்கள்.

பந்தைக் கேட்க மாட்டான். முன்பு ஓடிவந்து "குடு, குடு" என்று கத்தினவன் இப்போது எதிரி ஆளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான், அங்கே நின்றால் அவனுக்கு யாரும் பாஸ் கொடுக்க முடியாது. பாஸ் வராவிட்டால் தப்பும் வராது, பேரும் வராது. இப்படி மூன்று பேர் ஒளிந்துகொண்டால் பந்தை வைத்திருக்கிறவனுக்குக் கொடுக்க ஆள் இல்லை, தூக்கி அடிக்கிறான், அது எதிரியிடம் போய் நேராக நம்ம பாக்ஸுக்குத் திரும்பி வருகிறது. மேட்ச் சமமாக இருந்தாலோ நாம் ஒரு கோல் முன்னால் இருந்தாலோ இது இன்னும் மோசம். கடிகாரம் எழுபத்தைந்தைத் தாண்டியதும் பின்னால் நின்று தடுக்கிற பேக் நாலு பேரும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய்க் கீப்பர் மடியில் உட்கார்ந்துவிடுகிறார்கள், நடுமைதானத்தில் ஆடும் ஹாஃப் ஆட்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் பெரிய காலியிடம் விழுகிறது, எதிரி அங்கே நின்று நிதானமாகப் பந்தை உள்ளே போடுகிறான். ஒருமுறை கிளியர் ஆகும், ரெண்டு முறை ஆகும், மூன்றாவதில் ஃப்ரீ கிக் அல்லது பெனால்டி. "கடைசியில தூங்கிட்டானுங்க" என்று நாம் சொல்கிறோமே, அது தூக்கம் இல்லை அண்ணா, பயம். போன மேட்ச் மாதிரி ஆகிவிடக் கூடாது என்ற பயத்தில் போன மேட்சையே திரும்ப ஆடுகிறார்கள்.

இது நம்ம பையன்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டி ஷூட்அவுட்டுகளை எடுத்துப் பார்த்தார். போட்டால் ஜெயித்துவிடலாம் என்ற கிக்கைப் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் போடுகிறார்கள். தவறினால் தோற்றுவிடுவோம் என்ற கிக்கில் அது பத்தில் ஆறு பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. உலகத் தரமான ஆட்டக்காரர்கள், அதே பந்து, அதே தூரம். உலகக் கோப்பை ஆடுகிறவனுக்கே இப்படி என்றால், காலையில் பேப்பர் போட்டுவிட்டு மேட்சுக்கு வருகிற பத்தொன்பது வயதுப் பையனிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்?

ஒன்று சொல்லிவிடுகிறேன், "லக் இல்லப்பா, நல்லாத்தான் ஆடினீங்க" என்று தோளில் தட்டி அனுப்பச் சொல்லவில்லை. அதையும் சிலர் செய்கிறார்கள், அதுவும் வேண்டாம். ஃபுட்பாலில் கோல் குறைவு, கத்தார் 2022 உலகக் கோப்பையில் 64 மேட்சில் விழுந்தது 172 கோல்தான், மேட்சுக்கு மூன்றுகூட இல்லை, அதனால் காலில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து முடிவை மாற்றுவது நடக்கத்தான் செய்யும். ஆனால் வாராவாரம் கடைசிக் கால்மணி நேரத்தில் கோல் வாங்குவதை லக் என்று சொல்ல முடியாது. அதற்குக் காரணம் இருக்கிறது, சரி செய்யவும் முடியும். லக் இல்லை என்று கேட்டுக் கேட்டு, நமக்கு எழுதி வைத்தது இவ்வளவுதான் என்று பையன்கள் நம்பத் தொடங்கிவிட்டால் அப்புறம் எந்தக் கோச் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பெரியவர்களுக்கு நான் 1948 ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் குரூப்பில் இருக்கும் இளையவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. லண்டன் ஒலிம்பிக்ஸ், சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஆட்டம், எதிரில் பிரான்ஸ். நம் ஆட்களில் பெரும்பாலோர் ஷூ இல்லாமல் வெறுங்காலில். பிரான்ஸ் முதல் கோல் போட்டது, எழுபதாவது நிமிஷத்தில் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். எண்பத்தொன்பதாவது நிமிஷத்தில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டது. இதில் வயிறு எரிகிற விஷயம், அந்த மேட்சில் இந்தியாவுக்கு ரெண்டு பெனால்டி கிடைத்தது, ரெண்டும் போச்சு. ஒன்றைத் தவறவிட்டவர் சைலன் மன்னா.

அந்த மன்னாவை என்ன செய்தார்கள்? மூன்று வருஷம் கழித்து 1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்திய டீமின் கேப்டன் அவர்தான். இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினார்கள். ஒரே ஒரு கோல், மேவாலால் போட்டது. 1948இல் பெனால்டியைத் தவறவிட்டவன் என்று அவர் பேரை அன்றைக்கே அடித்திருந்தால் அந்த ஒரு கோலைக் கடைசி வரை காப்பாற்ற அப்படி ஒரு பேக் நம்மிடம் இருந்திருப்பாரா?

வெள்ளைக்காரன் கதையும் ஒன்று இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 மார்ச்சில் லெஸ்டர் சிட்டி டாட்டன்ஹாமிடம் 4-3 என்று தோற்றது, அப்போது இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் கடைசி இடம். கோச்சை மாற்றவில்லை, ஆட்களைக் கலைக்கவில்லை. அடுத்த மேட்ச் வெஸ்ட் ஹாமோடு, எண்பத்தாறாவது நிமிஷ கோலில் 2-1 ஜெயித்தார்கள். அதற்கடுத்தது வெஸ்ட் பிராமோடு, இன்ஜுரி டைமில் 3-2. கடைசி ஒன்பது மேட்சில் ஏழு வெற்றி. அடுத்த சீசனுக்கு முன் கோச் மாறினார், ஆனால் பெரும்பாலும் அதே பையன்கள்தான் சாம்பியன் ஆனார்கள்.

இங்கேயே, நம்ம கன்டீரவா ஸ்டேடியத்தில் ஆடும் பெங்களூரு எஃப்சியைப் பாருங்கள். ஐஎஸ்எல் லீகில் 2023-24 சீசனில் பத்தாவது இடம், ஊரே திட்டியது. சீசன் நடுவில் வந்த கோச் ஜெரார்ட் சரகோசாவை அந்த முடிவுக்குப் பிறகும் வைத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனில் மூன்றாவது இடம், அப்புறம் இறுதி ஆட்டம் வரை போனார்கள். கொல்கத்தாவில் மோகன் பாகனிடம் எக்ஸ்ட்ரா டைமில் 2-1 தோற்றது எல்லோருக்கும் வலித்தது, எனக்கும்தான். ஆனால் பத்தாவது இடத்தில் இருந்த டீம் அங்கே வரை போனது எதனால் என்று யோசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். வெளியாட்களுக்குக் கொடுக்க ஒதுக்கிய பணத்தை நம்ம பையன்களுக்கே செலவழியுங்கள். லீக் மேட்ச் அசோக் நகர் ஸ்டேடியத்தில் வேலை நாள் மதியம் வைக்கிறார்கள், அன்றைக்கு லீவு போட்டால் அன்றைய கூலி போகும், அதனால்தான் பெஞ்சில் ஆளே இல்லை. சப்ஸ்டிட்யூட் போடத் தெரியாத கோச் என்கிறீர்கள், பெஞ்சில் ரெண்டு பேரும் அதில் ஒருவர் கீப்பருமாக இருந்தால் அவர் யாரை இறக்குவார்? அந்த ஒரு நாள் கூலியை கிளப் கொடுத்தால் பதினெட்டுப் பேரும் வருவார்கள். எழுபதாவது நிமிஷத்தில் மூன்று புதுக் கால்கள் உள்ளே போனால் கடைசிக் கால்மணி நேரம் வேறு மாதிரி இருக்கும். மிச்சப் பணத்தில் மேட்சுக்கு முன்னால் வயிற்றுக்கு ஏதாவது, ரெண்டு வாழைப்பழமும் நாலு இட்லியும். பலர் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்து தொண்ணூறு நிமிஷம் ஓடுகிறார்கள், இது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

கோச் பிராக்டிஸின் கடைசிப் பத்து நிமிஷத்தை மேட்ச் மாதிரி வைக்கத் தொடங்கியிருக்கிறார். ஒரு பக்கம் ஒரு கோல் முன்னால் இருப்பதாகக் கணக்கு, அவர்கள் பாக்ஸுக்குள் ஓடாமல் பந்தை வைத்திருந்து சமாளிக்க வேண்டும், கால் களைத்த பிறகு. நன்றாகத்தான் போகிறது. முதல் வாரம் மூச்சு வாங்கிக்கொண்டு தூக்கித் தூக்கி அடித்தவர்கள் இப்போது நாலு பாஸ், அஞ்சு பாஸ் போடுகிறார்கள். பலன் மேட்சில் தெரிய கொஞ்சம் நாள் ஆகும், இந்த நேரத்தில் கோச்சை மாற்றினால் புதியவர் முதலிலிருந்து தொடங்குவார்.

வாய்ஸ் நோட் விஷயத்தில் ஒரே வேண்டுகோள்தான். மேட்ச் அன்றைக்கும் மறுநாளும் யார் பேரையும் குரூப்பில் போடாதீர்கள். சொல்ல வேண்டியதை ரெண்டு நாள் கழித்து மைதானத்தில் நேரில் சொல்லுங்கள், கோச் பக்கத்தில் இருக்கட்டும், எந்த நிமிஷத்தில் யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். உங்களில் மூன்று பேர் பெரிய டீம்களுக்கு ஆடியவர்கள், பையன்களுக்கு நீங்கள் என்றால் உயிர். உங்கள் ஒரு வார்த்தைக்கு அவர்களிடம் இருக்கும் மதிப்பு என் பத்து வார்த்தைக்கு இல்லை.

கீப்பரையும் ஸ்டாப்பரையும் அடுத்த மேட்சிலும் இறக்குங்கள். போன மேட்ச் பெனால்டிக்குப் பிறகு ஸ்டாப்பர் ரெண்டு நாள் பிராக்டிஸுக்கு வரவில்லை, அவன் அம்மா எனக்கு போன் செய்து சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறான் அண்ணா என்றார். மூன்றாவது நாள் அவனே வந்துவிட்டான், எல்லோருக்கும் முன்னால். அப்படி வந்தவனை பெஞ்சில் உட்கார வைத்தால் மற்ற பையன்கள் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று யோசித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போங்கள். அதற்கு முன் ஒருநாள் சாயங்காலம் நந்தன் கிரவுண்டுக்கு வந்து அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தைப் பாருங்கள், ஆறு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். வருவதாக இருந்தால் கோச்சுக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பி,
பந்துப் பை தூக்குகிறவன்