சக்கர நாற்காலியோடு ஏறி ஓட்டும் மூன்று சக்கர வண்டி வேண்டி மனு

அனுப்புநர்:
முதுகுத்தண்டுவடம் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி,
தொழில்: கைப்பேசி பழுதுபார்த்தல்.
(பெயர், முகவரி, தனித்துவ அடையாள அட்டை நகல் இணைப்பில்)

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மாற்றுத்திறனாளிகள் நலத்துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: போக்குவரத்து ஆணையர் அவர்கள், சென்னை.

பொருள்: இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வழங்கும் திட்டத்தில், சக்கர நாற்காலியைவிட்டு இறங்காமலே ஏறி ஓட்டும் வண்டியையும் ஒரு தெரிவாகச் சேர்க்கவும், ஏற்கெனவே பெற்ற வண்டியை அவ்வாறு மாற்றியமைக்க அனுமதியும் உதவியும் அளிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் எனக்கு டி6 அளவில், அதாவது நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு அளவில், முதுகுத்தண்டுவடம் சேதமடைந்தது. நெஞ்சுக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அந்தக் கைகளை நம்பித்தான் கைப்பேசி பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, எங்கள் ஊருக்குப் பக்கத்து நகரத்தில் ஒரு சிறு கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்கும் கடைக்கும் போக வர 30 கிலோமீட்டருக்கு மேல்.

அரசு எனக்கு இலவசமாக ஒரு பெட்ரோல் ஸ்கூட்டர் வழங்கியது. பின்சக்கரத்துக்கு இருபுறமும் இரும்புச் சட்டம் போட்டு ஒவ்வொரு சக்கரம் இணைத்த வண்டி அது. இந்தத் திட்டத்தைக் குறைசொல்ல நான் இந்த மனுவை எழுதவில்லை. போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட எத்தனையோ பேர் இந்த வண்டியை வைத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள், லாட்டரி விற்றும் பிச்சை எடுத்தும்தான் இவர்கள் பிழைக்க முடியும் என்று ஊர் நினைத்திருந்த காலத்தை மாற்றி, காய்கறி ஏற்றி விற்கிறார்கள், பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போகிறார்கள். அவர்களுக்கு இது சரியான வண்டி. என்னைப் போன்ற தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது பாதி வண்டி. மீதிப் பாதி என்ன என்பதை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

சாதாரண ஸ்கூட்டரின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 76 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. என் சக்கர நாற்காலியின் இருக்கை 50 செ.மீ.கூட இல்லை. கால்கள் மட்டும் சூம்பியவருக்கு இடுப்பிலும் வயிற்றிலும் பலம் உண்டு. அவர் கையை ஊன்றி, உடம்பைத் திருப்பி, மேலே ஏறிவிடுகிறார். எனக்கு நெஞ்சுக்குக் கீழே உடம்பு தன்னைத் தானே நிமிர்த்திப் பிடிக்காது. ஒரு கையை எடுத்தால் மறுபக்கம் சாய்ந்துவிடுவேன். கால் மீட்டருக்கும் அதிகமான அந்த உயரத்தை நான் தனியாக ஏறுவது முடியாத காரியம். வீட்டில் என் மனைவியும் அவர் தம்பியும் சேர்ந்து தூக்கி வைக்கிறார்கள்.

ஏறியதோடு முடிவதில்லை. ஸ்கூட்டரில் நான் போய்விட்டால் என் சக்கர நாற்காலி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் எதில் இறங்குவது? நாற்காலியை மடித்துப் பின்னால் கயிற்றால் கட்டிக்கொண்டு போகலாம். அதை அவிழ்த்து விரித்துப் பக்கத்தில் வைக்க ஓர் ஆள் வேண்டும், என்னைத் தூக்கி இறக்க இன்னும் இரண்டு பேர் வேண்டும். வங்கி, மருத்துவமனை, ரேஷன் கடை, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம் என எங்கே போனாலும் இதே நிலைதான். வண்டி என்னைக் கொண்டுபோய் விடுகிறது, அங்கே இறங்க வழி இல்லை. அதனால் பல நாள் ஆட்டோ பிடிக்கிறேன். அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஆட்டோவுக்கே போதவில்லை.

உணர்வற்ற உடம்புக்கு இந்த வண்டியில் இருக்கும் ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். சைலன்சரில் கால் பட்டால் எனக்குத் தெரியாது. சதை வெந்த பிறகு வீட்டில் பார்த்துத்தான் அறிய முடியும். எங்களில் பலருக்குக் கால் தசைகள் திடீரென இறுகி உதறும். அப்படி உதறும்போது பாதம் கால்பலகையிலிருந்து நழுவித் தரையில் உரசினாலும் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. சக்கர நாற்காலியில் நாங்கள் காற்று மெத்தையோ நுரை மெத்தையோ போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, அழுத்தப் புண் வராமல் காத்துக்கொள்கிறோம். ஸ்கூட்டர் இருக்கையில் அந்த மெத்தை இல்லை, முதுகுக்குச் சாய்வும் இல்லை, குழியில் விழும் ஒவ்வொரு அதிர்வும் நேராக உட்காரும் எலும்பில் இறங்குகிறது. ஓர் அழுத்தப் புண் வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க வேண்டியதுதான். புண் முற்றிக் கிருமி இரத்தத்தில் கலந்து உயிரை இழந்தவர்கள் எங்களிடையே உண்டு. நலத்துறை மருத்துவர்களும் இதை நன்கு அறிவார்கள்.

இதற்கான தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. நாற்காலியைவிட்டு மனிதனை இறக்காமல், நாற்காலியையே வண்டிமேல் ஏற்றிவிடுவதுதான் அது. ஸ்கூட்டரின் இருக்கையையும் பின்பகுதியையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாழ்வான தட்டையான தளம். தளத்தின் இருபுறமும் பின்சக்கரங்கள். பின்னால் கீல் வைத்த ஒரு சாய்தளம்: இறக்கினால் ஏறும் வழி, தூக்கி மூடினால் பின்கதவு. நாற்காலியை உருட்டி உள்ளே ஏறி, அதன் சட்டத்தை இரண்டு பக்கமும் கொக்கியில் பூட்டி, ஓட்டுபவர் தன் மெத்தையில் தன் சாய்வோடு உட்கார்ந்தபடியே ஓட்டுகிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் சாய்தளத்தை இறக்கிவிட்டால் அடுத்த நிமிடம் அவர் தன் நாற்காலியில் தரையில் இருப்பார். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து இதை விரிவாகப் பேசியிருக்கிறேன். அவர் ஆட்டோக்களுக்கு அச்சு வேலை செய்து பழகியவர். அவர் சொன்னவற்றையும் நான் நாற்காலியில் வாழ்ந்து அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன், வடிவமைப்பவர்களுக்கு இது உதவும். தளம் தரையிலிருந்து 15 செ.மீ. அளவில் இருக்க வேண்டும். சாதாரண ஸ்கூட்டரின் அடிப்பாகமும் ஏறத்தாழ அந்த உயரம்தான், ஆகவே வேகத்தடையில் தட்டாது. அந்த உயரத்துக்கு ஒரு மீட்டர் நீளச் சாய்தளம் போட்டு, பக்கவாட்டில் பிடித்திழுக்கக் கம்பி வைத்தால், கைபலம் உள்ளவர் தனியாகவே ஏறிவிடுவார். தளம் உயர்ந்தால் சாய்தளம் செங்குத்தாகும், ஆளின் எடையும் மேலே ஏறும். முன்னால் ஒன்று பின்னால் இரண்டு என்று சக்கரம் உள்ள வண்டி, இப்படி எடை மேலே ஏறினால் வளைவில் எளிதில் குடை சாயும். பின் அச்சில் இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் திருப்பத்தில் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஆட்டோவில் இருப்பதுபோல், திருப்பத்தில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் வேண்டும், இல்லையென்றால் ஒரு சக்கரத்தை மட்டும் இயக்க வேண்டும். பிரேக்குகள் எல்லாம் கையில் வர வேண்டும். மேட்டில் நிறுத்தினால் பிடித்து நிற்க ஒரு பூட்டுப் பிரேக் வேண்டும். ரிவர்ஸ் கட்டாயம் வேண்டும், காலால் உந்திப் பின்னுக்குத் தள்ள எங்களால் ஆகாது. இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் இன்று உள்ள பெரிய குறை இந்த ரிவர்ஸ் இல்லாததுதான் என்பேன். ஹேண்டில்பாரைப் பின்னுக்கு நீட்ட வேண்டும். பாதங்களைக் கட்ட அகலமான பட்டை, நெஞ்சுக்கு ஒரு பட்டை, நாற்காலிப் பூட்டு சரியாக விழாவிட்டால் வண்டி கிளம்பாத ஒரு சுவிட்ச். வேகம் எங்களுக்குப் பெரிதல்ல, கவிழாமல் போனால் போதும்.

இன்னொரு வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யும் அங்கே உருவான நியோமோஷன் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட நியோபோல்ட் என்ற கருவி, சக்கர நாற்காலியின் முன்பக்கம் மாட்டிக்கொண்டால் நாற்காலியையே மின்சார வண்டியாக மாற்றிவிடுகிறது. மணிக்கு அதிகபட்சம் 25 கி.மீ. வேகம், ஒரு முறை சார்ஜ் போட்டால் ஏறத்தாழ 25 கி.மீ. தூரம் என்று அப்போது அறிவித்தார்கள். நம் மாநிலத்திலேயே இப்படி ஒன்று உருவானது எனக்குப் பெருமை. நகரத்துக்குள் வாழ்பவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இது நல்ல தெரிவு. பேருந்தும் லாரியும் விரையும் சாலையில், கிராமத்திலிருந்து தினமும் 15 கிலோமீட்டர் தாண்டிப் போகிறவனுக்கு அந்த வேகமும் தூரமும் போதாது. கடையில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்பது சரிதான், ஆனால் அங்கிருந்து மருத்துவமனைக்கோ ஆட்சியர் அலுவலகத்துக்கோ போகும் நாளில் பாதி வழியில் நின்றால் தள்ளிக்கொண்டு போக என்னால் முடியாது. எனவே இரண்டு வகையும் தேவை. எது யாருக்கு என்பதை அவரவர் பாதிப்பின் அளவும் சாலையும் தொழிலும் தீர்மானிக்கட்டும்.

அரசு கொடுத்த வண்டியை என் செலவிலேயே மேற்சொன்னவாறு மாற்றிக்கொள்கிறேன் என்று நான் கேட்டபோது, ஓர் அலுவலகத்தில், அரசு வழங்கிய வண்டியில் கைவைக்கக் கூடாது என்றார்கள். மற்றோர் அலுவலகத்தில், வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்.சி. (பதிவுச் சான்று) செல்லாது, விபத்து நடந்தால் காப்பீடும் கிடைக்காது என்றார்கள். எழுத்தில் கேட்டேன், யாரும் எழுதித் தரவில்லை. பட்டறைக்காரர் அதைக் கேட்டுப் பயந்து வேலையைத் தொடங்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 41-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகள் கட்டுப்படியாகும் செலவில் சொந்தமாக நடமாடத் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்று அரசுக்குக் கடமை விதிக்கிறது. அதில் ஊக்கச் சலுகைகளோடு சேர்த்து வாகனங்களை மாற்றியமைப்பதும் வெளிப்படையாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு பொதுவாக வண்டியின் அமைப்பை மாற்றத் தடை விதித்தாலும், மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி மாற்றுவதற்கு அதன் உட்பிரிவு (2) விலக்குத் தருகிறது: விதிகளில் சொல்லப்பட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு மாற்றிவிட்டு, பிறகு பதிவு அலுவலரின் ஒப்புதலைப் பெறலாம். அதே சட்டத்தில் இத்தகைய வண்டிக்கென்று ஓட்டுநர் உரிமத்தில் தனி வகையே இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, வாசலில் நிற்பவர்களுக்கு அது தெரியவில்லை என்பதே என் வருத்தம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். அதன் பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியில் வேலூர் பாகாயத்தில் 1966-இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் இன்றும் என் போன்றவர்களுக்கு வாழக் கற்றுத்தருகிறது. நாற்காலியைவிட்டு எழுந்து வந்தால்தான் வேலை என்று அவரிடம் யாரேனும் சொல்லியிருந்தால், நிமிர்ந்த கைகள் எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போயிருக்கும்!

ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து தர வேண்டுகிறேன்.

முதலாவதாக, ஸ்கூட்டர் வழங்கும் திட்டத்தின் விண்ணப்பத்திலேயே சக்கர நாற்காலியோடு ஏறும் வண்டி, நாற்காலியில் மாட்டும் மின்சாரக் கருவி ஆகியவற்றைத் தெரிவுகளாகச் சேர்த்து, எது பொருந்தும் என்று இயன்முறை மருத்துவர் ஒருவர் பயனாளியை நேரில் பார்த்துப் பரிந்துரைக்கச் செய்ய வேண்டும். கைகள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும் போதாது. தானாக இடம் மாற முடிகிறதா, உடம்பை நிமிர்த்தி உட்கார முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் வடிவத்தைப் பட்டறைகளின் பொறுப்பில் விடாமல், சென்னை ஐ.ஐ.டி. போன்ற ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தைக் கொண்டு வடிவமைத்து, கவிழும் சோதனையும் பிரேக் சோதனையும் செய்து, வரைபடத்தை வெளியிட வேண்டும். வரைபடம் கையில் இருந்தால் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் உள்ள பட்டறைகள் அதைச் சிறப்பாகச் செய்துவிடும். வடிவத்தை முடிவு செய்யும் குழுவில் அந்த வண்டியை ஓட்டப்போகிற தண்டுவடப் பாதிப்புள்ளவர்கள், ஆணும் பெண்ணும், இருக்க வேண்டும். சேலை கட்டிய பெண் ஒருவர் நாற்காலியோடு ஏறும்போது துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பு வேண்டும் என்பது போன்றவை அப்போதுதான் தெரியவரும்.

ஏற்கெனவே ஸ்கூட்டர் பெற்று அதைப் பயன்படுத்த முடியாமல் இருப்பவர்களுக்கு அதை மாற்றியமைக்க எழுத்துப்பூர்வ அனுமதியும் செலவுத் தொகையும் தர வேண்டும். என் வண்டியை முதல் மாதிரியாக எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்கிறேன். எந்தச் சோதனைக்கும் வருகிறேன்.

போக்குவரத்து ஆணையர் அவர்கள், 52(2) பிரிவின்படி மாற்றியமைத்த வண்டிகளை எந்த ஆவணங்களோடு கொண்டுவந்தால் ஆர்.சி.யில் பதிவு செய்து தரப்படும் என்று எல்லா வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். உரிமத் தேர்வுக்கு அந்த வகை வண்டியிலேயே ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது விதி. எந்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலும் இந்த வண்டியை நான் பார்த்ததில்லை. எனவே மாவட்டத்துக்கு ஒரு வண்டியாவது பயிற்சிக்கும் தேர்வுக்கும் பொதுவாக வைக்க வேண்டும்.

எனக்குத் தனியாகச் சலுகை வேண்டி இதை எழுதவில்லை. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்று வேலையில் விழுந்தவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள் என என்னைப் போல் இளவயதில் நாற்காலிக்கு வந்தவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். பலர் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. வண்டி கிடைத்தால் வேலைக்குப் போவோம்.

இம்மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாக எனக்குத் தெரிவிக்கும்படியும், தங்கள் அலுவலகம் அழைத்தால் வண்டியின் வரைபடத்தோடு நேரில் வந்து விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தரும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அறை தரைத்தளத்திலோ மின்தூக்கி உள்ள கட்டடத்திலோ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: தனித்துவ அடையாள அட்டை நகல், மருத்துவச் சான்று நகல், ஆர்.சி. நகல், பட்டறையில் வரைந்த உத்தேச வரைபடம்.