இந்த வாரம் சுவர் பெஞ்சில் யார்?

எங்கள் மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கும் பள்ளிக் கட்டடங்களைப் பார்க்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியின் வடக்குக் கட்டடத்தில் மழைநீர் இறங்கிச் சுவரில் பூசணம் பிடித்திருப்பதைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானங்களும் புகைப்படங்களும் உங்கள் கோப்பில் இருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை நடந்ததுதான் அதில் இருக்காது. இரண்டாவது பீரியடில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இளைப்பு வந்து, பேச்சே வரவில்லை. டீச்சர் அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினார். நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. இப்போது நன்றாக இருக்கிறான். அந்த வாரம் அவன் உட்கார்ந்திருந்த இடம் சுவர் பெஞ்ச்.

அந்த அறையின் வடக்குச் சுவர் மேலிருந்து கீழ்வரை ஓதம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் தொடங்கியது, இன்னும் காயவில்லை. சாம்பலும் கறுப்புமாகப் பூசணம் படர்ந்திருக்கிறது. அதை ஒட்டித்தான் ஒரு பெஞ்ச். தள்ளிப் போட இடம் இல்லை. ஒரே பிள்ளைகள் வருடம் முழுக்க அங்கே உட்காரக் கூடாது என்று டீச்சர் வாரத்துக்கு மூன்று பேராக மாற்றி உட்கார வைக்கிறார். பிள்ளைகள் இதற்கு 'சுவர் வாரம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஞாயிறு இரவு பையை அடுக்கும்போது என் மகள், "அம்மா, நாளையிலிருந்து எனக்குச் சுவர் வாரம்" என்று கைக்குட்டை ஒன்றைக் கூடுதலாக எடுத்து வைக்கிறாள். ஒன்பது வயது அவளுக்கு. புதன்கிழமைக்குள் இருமல் பிடித்துக்கொள்ளும். தீபாவளிக்கு வீட்டில் இருந்த நாட்களில் ஒரு தடவைகூட இருமவில்லை.

டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். தன் கையில் இருந்த ஒரே வழியை அவர் செய்தார். ஆனால் கெட்ட காற்றைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும் நிலைக்கு ஓர் ஆசிரியர் வந்திருக்கிறார் என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: தண்ணீர் இறங்குவதை நிறுத்துங்கள். இதுவரை மூன்று முறை ஆள் வந்தது. மூன்று முறையும் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் இரண்டு மாதத்தில் கொப்புளித்து உதிர்கிறது, பூசணம் அதன் மேலேயே பூக்கிறது. நனைந்த இடம் ஓரிரு நாளில் காயாவிட்டால் பூசணம் பிடித்துவிடும் என்பது எங்கள் ஊர்க் கொத்தனாருக்கே தெரியும். மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: மழைநீர்க் குழாய் வேப்பிலையால் அடைத்துக் கிடக்கிறது, தளத்தில் பதித்த தட்டு ஓடுகள் பெயர்ந்திருக்கின்றன, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவு விரிசல். அதைப் பார்க்க உங்கள் ஆட்கள் மாடிக்கு ஒருமுறைகூட ஏறவில்லை.

இது எங்கள் வீட்டுப் பயம் மட்டும் இல்லை. ஈரமும் பூசணமும் உள்ள கட்டடங்களில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இவ்வளவு பூசணம் வரை பரவாயில்லை என்று அது எந்த அளவையும் வைக்கவில்லை. ஈரமே இல்லாமல் பார்த்துக்கொள்ளத்தான் சொல்கிறது. அதே 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக் கட்டடம் எல்லாப் பருவநிலைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் பருவம் இல்லையா?

கும்பகோணத்தில் 2004-இல் 94 பிள்ளைகளைத் தீயில் பறிகொடுத்த பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் மீது கண் திரும்பியது. நெல்லையில் 2021 டிசம்பரில் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் பழைய கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். எரியுமா, இடியுமா என்று பார்க்கிறீர்கள். உள்ளே மூச்சு விட முடியுமா என்று யார் பார்க்கிறார்கள்? எங்கள் கட்டடத்துக்கு உறுதிச் சான்று இருக்கிறது. சுவர் விழாது, சரி. அந்தச் சுவரோரம் உட்கார்ந்த பையன்தான் விழுந்தான்.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன், மன்னியுங்கள். மழைக்காலத்தில் தளம் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால் இப்போதைக்குக் கேட்பது சிறியது. குழாய் அடைப்பை எடுத்து, மாடியில் தார்ப்பாய் போடுங்கள். அந்த அறையைப் பூட்டி, பிள்ளைகளை வேறு அறைக்கு மாற்ற உத்தரவு கொடுங்கள். தலைமை ஆசிரியர் தானாகச் செய்யத் தயங்குகிறார். பொங்கல் கழித்து வெயில் வந்ததும் பழைய தளத்தைப் பெயர்த்துப் புதிதாகத் தட்டு ஓடு பதித்து, சுவர் பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூசுங்கள். பெயிண்ட் கடைசியில். தயவுசெய்து முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்.

நேரில் பார்க்க வந்தால் மழை பெய்யும் நாளில் வாருங்கள். ஒரு பீரியட் மட்டும் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். வரும் திங்கள் முதல் என் மகளின் முறை.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்