கரியால் எழுதிய பெயர்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. பேரன் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இனி உன் வீட்டில் ஒரு சாமானும் வைத்த இடத்தில் இருக்காது. அப்பா அந்தப் படத்தை மீன் சந்தையில்கூடக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். மீனை மறந்துவிட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லீவு முடிந்து நீ வேலைக்குத் திரும்புவதற்குள் பிள்ளை பார்க்க ஆள் வேண்டும், மூதூர், சம்பூர்ப் பக்கம் வசதியில்லாத வீட்டில் 15 வயது மட்டில் ஒரு பெட்டை இருந்தால் பாருங்கள் என்று கேட்டிருந்தாய். சின்னப் பிள்ளை என்றால் சொன்னதைக் கேட்கும், எதிர்த்துக் கதைக்காது, நாங்களும் எங்கள் பிள்ளை மாதிரி வைத்திருப்போம் என்றாய். நான் 'பார்ப்போம்' என்று சொல்லிப் போனை வைத்தேன். பார்க்கமாட்டேன். இதைப் போனில் சொன்னால் நீ சண்டைக்கு வருவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

திருகோணமலையில் டைக் வீதி வீட்டில் நாம் இருந்த காலத்துக் குட்டி அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்று, கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்களுக்கு மரக்கறித் தோல் போடுவாள். ஒரு மானுக்குக் கொம்பில் ஒன்று முறிந்திருந்தது, அதற்குத்தான் முதலில் போடுவாள். அவளுடைய சொந்தப் பெயர் உனக்குத் தெரியாது. உன் பெயரேதான்.

1997 இல் அவளுடைய அப்பா மூதூர் லோஞ்சுப் படகில் கூட்டிக்கொண்டு வந்து நம் வீட்டில் வேலைக்கு விட்டார். அவளுக்கு 11 வயது, உனக்கு 4. ஒரே வீட்டில் இரண்டு பேரை ஒரே பெயரில் கூப்பிட்டால் குழப்பம் என்று அப்பம்மா சொன்னா. யாருடைய பெயரை மாற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று மத்தியானமே அவள் குட்டி ஆகிவிட்டாள்.

நாங்கள் அவளுக்கு அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. தீபாவளிக்குச் சட்டை எடுத்துக்கொடுத்தோம். 'வீட்டுப் பிள்ளை மாதிரி' என்று வருகிற ஆட்களிடம் நானும் சொல்லியிருக்கிறேன், நீ இப்போது சொல்கிற மாதிரியே. வீட்டுப் பிள்ளை நீ கட்டிலில் படுத்தாய். அவள் குசினிக்கும் சாமான் அறைக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்தாள். விடிய 5 மணிக்குக் கிணற்றடியில் நின்றாள். குசினி யன்னலில் ஒரு எனாமல் கோப்பை கவிழ்த்தபடி இருக்கும், விளிம்பெல்லாம் எனாமல் உதிர்ந்து கறுத்தது. அவளுடைய தேத்தண்ணி அதில்தான். அதில்தான் குடிக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை.

சம்பளத்தை மாதம் ஒருமுறை அவளுடைய அப்பா வந்து வாங்குவார். அவர் கேற்றடியில் நின்றபடியே தேத்தண்ணி குடிப்பார், அவள் பக்கத்தில் நிற்பாள், கால் மணித்தியாலத்தில் அவர் லோஞ்சைப் பிடிக்க ஓடிவிடுவார். அந்தக் காசில் ஒரு ரூபாயைக்கூட அவள் கையால் தொட்டதில்லை. மூன்று வருஷம்.

இனி எழுதப்போவதை அப்பாவுக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. 1998 ஜனவரியில் 5 வயது முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்று சட்டம் வந்தது. எங்கள் பகுதியில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைப் பட்டியல் எடுக்க நானும் இன்னொரு ஆசிரியையும் வீடு வீடாகப் போனோம். தாய்மாருக்குப் புத்தி சொன்னோம். ஒரு மீன்காரரின் மனைவியை நான் ஏசியும் இருக்கிறேன். நம் வீட்டைத் தாண்டித்தான் அடுத்த வீட்டுக்குப் போனேன். பட்டியலில் நம் வீட்டிலிருந்து பெயர் இல்லை.

அந்த வருஷம் நீ ஆண்டு ஒன்று. ஒருநாள் குசினிக் கதவின் உட்பக்கத்தில் உன் பெயர் கரியால் எழுதியிருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, ஒரு கொம்பு எழுத்தை விட்டுத் தள்ளி நின்றது. புதிதாகப் பெயின்ட் அடித்த கதவு. உன்னைக் கூப்பிட்டு இரண்டு போட்டேன். நீ அழ, அவள் ஓடிவந்து உன்னைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்: "அது நான் ரீச்சர். அது என்ட பெயர்."

நீ வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்தே பிடித்திருக்கிறாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். துடைத்தாள். அன்று இரவு நித்திரை வரவில்லை என்பது உண்மைதான். அடுத்த நாள் ஒரு கொப்பி வாங்கிக்கொடுத்து, மாலையில் அரை மணித்தியாலம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இரண்டு மாதம் நடந்தது. தவணைப் பரீட்சைத் தாள்கள் வந்து குவிந்ததும் நின்றுபோனது. பள்ளியில் சேர்க்க நான் முயலவேயில்லை. சேர்த்தால் காலையில் உன்னை யார் பார்ப்பது?

2000 இல் அவளுடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

நீ ஒரு பிள்ளையிடம் பிள்ளையை விடப் பார்க்கிறாய், அதையும் யோசி. மூதூர் ரிசானா நபீக் 2005 இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது 17 வயது. 1988 இல் பிறந்தவளை 1982 இல் பிறந்தவள் என்று பாஸ்போர்ட்டில் போட்டு அனுப்பினார்கள். போன கொஞ்ச நாளில் 4 மாதக் குழந்தை அவள் பொறுப்பில் இருந்தபோது இறந்தது. பால் கொடுக்கும்போது புரைக்கேறியது என்றாள். கொலை என்று தீர்த்து, 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். நம் மாவட்டமே அழுதது. நானும் அழுதேன். கைக்குழந்தையை வளர்க்கத் தெரியாத வயதில் அவளிடம் அதைக் கொடுத்தது பற்றி எல்லோரும் அரபிக்காரரைத் திட்டினோம்.

அப்புறம் 2021. அந்த வருஷம்தான் வேலைக்குச் சேர்க்கும் குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக்கினார்கள். அதே வருஷம் ஜூலையில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்த 16 வயதுப் பிள்ளை தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தது. நீ அப்போது முகநூலில் நீளமாக எழுதியிருந்தாய். நன்றாகவே எழுதியிருந்தாய். எடுத்து ஒருமுறை வாசித்துப் பார்.

வயது வந்த ஒரு பெண்ணைப் பார். 18 தாண்டிய, தானாக விரும்பி வருகிற ஒருத்தி. கொழும்பில், உங்கள் வெள்ளவத்தையில் கிடைக்காது என்று சொல்லாதே, கிடைக்கும், சம்பளம் கூடக் கேட்பார்கள், அவ்வளவுதான். கேட்கட்டும். சம்பளத்தை அவவின் கையில், இல்லாவிட்டால் அவவின் சொந்த பேங்க் கணக்கில் போடு. தகப்பனிடமோ புருஷனிடமோ கொடுக்காதே. எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று முதல் நாளே பேசிக்கொள், முடிந்த பிறகு 'ஒரு தேத்தண்ணி மட்டும்' என்று கூப்பிடாதே. ஞாயிறு அவவுடையது. தங்கி நிற்பதென்றால் படுக்கிற அறைக்கு உட்பக்கம் பூட்டுகிற மாதிரி தாழ்ப்பாள் வேண்டும், இதை மாப்பிள்ளை கோபித்தாலும் போடு. உங்களுக்கு வைத்த கறிதான் அவவுக்கும். போன் அவவிடமே இருக்கட்டும். பேரன் அன்ரி என்று கூப்பிடட்டும். 'பிள்ளை மாதிரி' என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அவ ஏற்கெனவே யாரோ பெற்ற பிள்ளைதான். உன்னிடம் வருவது வேலைக்கு.

மேல் மாடி வீட்டில் ஒரு சின்னப் பெட்டை ராத்திரி 11 மணிக்கு உடுப்புக் காயப்போடுகிறாள் என்று போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லு. அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். அயலவருக்குள் மனத்தாங்கல் வரும் என்று பார்க்காதே. மனத்தாங்கல் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத்தான் நான் அந்தப் பட்டியலை எழுதினேன்.

குட்டியை நான் தேடிப் பார்த்தேன். 2004 சுனாமிக்குப் பிறகு ஒருமுறை. 2006 இல் சம்பூர்ச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து மட்டக்களப்புப் பக்கம் முகாம்களில் இருந்தபோது, அங்கே வேலை செய்த தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டேன். "பெயர் என்ன, ரீச்சர்?" என்று பேனையை எடுத்தார். குட்டி என்றுதான் வாயில் வந்தது. உன் பெயரைச் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தப் பெயரில் முகாமில் நாலைந்து பேர் இருந்தார்களாம், அவளில்லை.

நல்ல ஆள் கிடைக்கும்வரை நான் வந்து நிற்கிறேன். அடுத்த மாதம் முதல் வாரம் இரவு ரயிலில் ஏறுகிறேன், அப்பாவும் வருவார், அவருக்குத் தனியே சமைக்கத் தெரியாது. மூன்று மாதத்துக்கு மேல் நிற்கமாட்டேன். எனக்கும் ஞாயிறு லீவு வேண்டும். கருவாடும் கொஞ்சம் கட்டிக்கொண்டு வருகிறேன், மாப்பிள்ளைக்கு மணம் பிடிக்காதென்றால் பல்கனியில் பொரிப்போம்.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை