கல்லைப் பழக்கிவிட்டு மீனை வாங்கு

அன்பு மகள் மலர்விழிக்கு,

நீ வைக்கப்போகும் கடல்நீர்ப் பவளத் தொட்டியின் படமும், அதற்காக விலைக்கு வந்திருக்கும் கற்களின் படங்களும் கிடைத்தன. 75 கேலன் என்றால் ஏறத்தாழ 284 லிட்டர். முதல் தொட்டிக்கு நல்ல அளவு. சிறிய தொட்டியில் ஒரு மீன் செத்தாலே நீர் கெட்டுவிடும். இதில் திருத்திக்கொள்ள உனக்கு நேரம் கிடைக்கும். மாப்பிள்ளை இப்போதே இரண்டு க்ளௌன் மீன்களைப் பார்த்துப் பேசி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அவரைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல். மீன் எங்கும் போய்விடாது.

நீ முதலில் கல்லைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கொளத்தூரில் நம் கடைக்கு வருகிறவர்கள் விளக்கைக் கேட்பார்கள், பம்பைக் கேட்பார்கள், மீனின் விலையைக் கேட்பார்கள். கல்லை அழகுக்கு வைக்கும் பொருளாக நினைத்துக் கடைசியில்தான் கேட்பார்கள். பவளத் தொட்டியில் கல்தான் வடிகட்டி. மற்ற கருவிகள் எல்லாம் அதற்குக் கைவேலை செய்கிறவை.

மீனுக்குப் போடும் தீனியும் அதன் கழிவும் நீரில் அம்மோனியாவாக மாறும். அது மீனின் செவுளைப் புண்ணாக்கும் நஞ்சு. கல்லின் மேல் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். நுண்துளை நிறைந்த கல்லாக இருந்தால் உள்ளே போகப் போக ஆக்சிஜன் குறைந்துகொண்டே வரும். அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை உடைத்து, நைட்ரஜன் வாயுவாக வெளியே விட்டுவிடும். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழியையும் மட்டும் நம்பிப் பவளம் வளர்த்து, 1961-இல் அமெரிக்க இதழ் ஒன்றில் அதை எழுதினார். பிறகு பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் அந்தக் கல்லோடு, நீரின் கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மர் என்ற கருவியையும் வலுவான விளக்கையும் சேர்த்தார்கள். நீ இன்று வாங்கும் பொருள்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தொட்டியைக் கலைத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறவர் பாதி விலைக்குத் தருகிறாரே, அந்தக் கல் வேண்டாம். ஊதா நிறம் படர்ந்து அழகாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார். இடது ஓரத்துக் கல்லின் இடுக்கில், பழுப்பு நிறத்தில், மெல்லிய நீண்ட விரல்களை விரித்துக்கொண்டு ஒன்று நிற்கிறது. அது ஐப்டேசியா. கடல் சாமந்தி இனம்; தொட்டிக்குள் வந்துவிட்டால் களை. பிய்த்து எடுத்தால் விட்டுப்போன துணுக்கிலிருந்து மறுபடி முளைக்கும், பக்கத்துப் பவளத்தைக் கொட்டும். போதாததற்கு, ஆண்டுக்கணக்கில் தீனி விழுந்த தொட்டியின் கல்லில், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட் ஊறிப்போயிருக்கும். சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீர் சுத்தமானதும் மெல்ல மெல்லத் திரும்ப விடும். நீ எத்தனை முறை நீரை மாற்றினாலும் பச்சைப் பாசி அடங்காது.

‘கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடும்’ என்று அவர் சொன்னதாகவும் எழுதியிருந்தாய். மலர், வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே: கடலில் இருந்த கல்லை, தொட்டியில் இருந்த கல்லை, ஒருபோதும் கொதிக்க வைக்காதே. வெந்நீர்கூட ஊற்றாதே. சட்டைப் பொத்தான் போல நெருக்கமாகப் படர்ந்து வளரும் பாலித்தோவா போன்ற சில உயிர்களின் உடலில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. 1971-இல் ஹவாயில் அதைப் பிரித்தெடுத்தார்கள். உலகில் அறியப்பட்ட கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. சூடு பட்டால் அது அழிவதில்லை, ஆவியோடு கலந்து வீடு முழுவதும் பரவும். கல்லைக் கொதிக்க வைத்தும் வெந்நீரில் தேய்த்தும் குடும்பத்தோடு மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. பேரன் தவழ்ந்து திரிகிற வீடு அது. அந்தக் கல் இலவசமாக வந்தாலும் வாசலுக்குள் வர வேண்டாம்.

கடலிலிருந்தே நேராக எடுத்த கல் கிடைக்குமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல். மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே, 21 தீவுகள். அவற்றைச் சுற்றியிருந்த பவளத்தைக் கடப்பாரையால் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுச் சுவருக்கும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1964 புயல் விட்டுவைத்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரை நீ சிறுமியாக இருந்தபோது காட்டியிருக்கிறேன். காரை உதிர்ந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தால் கல் முழுவதும் சிறு சிறு நட்சத்திரக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் இருந்த அறை. அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று நீருக்குள் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பவளத்தை வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். 1986-இல் அந்தப் பகுதியைத் தேசியக் கடல் பூங்கா ஆக்கினார்கள். 2001-இல் பவளங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. இப்போதும் அவ்வப்போது ‘மூட்டையில் கல் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா’ என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வருவதுண்டு. வாசலோடு அனுப்பிவிடுவேன். எத்தனையோ நூற்றாண்டு வளர்ந்ததை ஒரு கண்ணாடிப் பெட்டிக்காகப் பெயர்த்தெடுக்க எனக்கு மனம் வராது, உனக்கும் வரக் கூடாது. அமெரிக்கக் கடைகளுக்குக் கப்பல் கப்பலாகக் கல் அனுப்பிய ஃபிஜியும் 2017 இறுதியில் அதை நிறுத்திவிட்டது.

உங்கள் புளோரிடா அதற்கும் முன்பே விழித்துக்கொண்டது. மாநிலக் கடலில் கல் எடுப்பதற்கு 1989-இல் தடை வந்தது. 1990-களின் பிற்பாதியில் கூட்டாட்சி அரசின் கடற்பகுதியிலும் நின்றது. அதன்பின் அங்கே நடந்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. முங்கிக் கல் எடுத்துப் பிழைத்தவர்கள் கடலடியில் குத்தகைக்கு இடம் பிடித்தார்கள். நிலத்தில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைப் படகில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, பாசியும் கடற்பஞ்சும் ஏறிய பிறகு எடுத்து விற்கிறார்கள். கடலிலிருந்து அவர்கள் எடுப்பது அவர்களே போட்ட கல்லைத்தான். அப்படிப்பட்ட பண்ணைகள் உங்கள் டாம்பாவுக்கு மேற்கே மெக்சிகோ வளைகுடாவில் இருக்கின்றன. தொலைதூரத்துக்கு அனுப்பும்போது வழியில் பாதி உயிர் செத்து நாறும். உனக்கு நேரில் போய் நீரோடு வாங்கி வரும் கொடுப்பினை இருக்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான். பெரும்பகுதி உலர் கல்லாக இருக்கட்டும், 40 பவுண்டு போதும். அதோடு கடைசியாக வளைகுடாப் பண்ணைக் கல் 10 பவுண்டு. கேலனுக்கு ஒன்றிரண்டு பவுண்டு என்று பழையவர்கள் சொல்லும் கணக்கைப் பின்பற்றினால் தொட்டி அடைந்துவிடும், நீரோட்டத்துக்கு வழி இருக்காது. முழுவதும் உலர் கல்லாகப் போடுகிறவர்கள் உண்டு. பூச்சி பொட்டு வராது என்பது அதில் நன்மை; ஆனால் வெற்றுக் கல்லில் போட்டிக்கு ஆள் இல்லாததால் வேண்டாத பாசி முதலில் இடம் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் அந்த 10 பவுண்டு.

உலர் கல்லிலும் இரண்டு உண்டு. ஒன்று, கடலிலிருந்து எடுத்துக் காய வைத்தது. துளைக்குள் செத்த கடற்பஞ்சு கருவாடு போல ஒட்டியிருக்கும். முகர்ந்தாலே தெரிந்துவிடும், அதைத் தொடாதே. இன்னொன்று, லட்சம் ஆண்டுகளுக்கு முன் பவளப்பாறையாக இருந்து கடல் விலகியபின் தரையாகிவிட்ட கல்லை வெட்டியெடுப்பது. அதையே வாங்கு. கடையில் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வராமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார். பார்வைக்குப் பெரிதாகவும் தூக்கினால் எடை குறைவாகவும் இருக்க வேண்டும். மேலே ஒரு குவளை நீர் ஊற்று. நல்ல கல் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், சற்று நேரம் பொறுத்து அடிப்பக்கத்தில் சொட்டும். வழவழவென்று வழிந்து ஓடினால் அது அடைந்த கல். துருக் கோடு, பளபளக்கும் உலோக நரம்பு எதுவும் தெரிந்தால் தள்ளி வைத்துவிடு. கைப்பிடி அளவுத் துண்டுகளாக வாங்காமல், அகலமான இரண்டு மூன்று பெரிய கல்லும், அவற்றை இணைக்கச் சில நடுத்தரக் கல்லும் எடுத்துக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் குழாய் நீரில் தூசி போகக் கழுவி, பிறகு ஆர்.ஓ. நீரில் சில நாள் ஊற வை. அந்த நீரில் பாஸ்பேட் அளவைச் சோதித்துப் பார். உயர்ந்துகொண்டே போனால் நீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற வை. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிக் கல்லின் மேல்தோலைக் கரைப்பது ஒரு முறை. நான் கடைப் பின்கட்டில், திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு செய்வேன். நீ செய்ய வேண்டாம். குழந்தை இருக்கும் வீட்டில் அமிலப் புட்டியே இருக்கக் கூடாது. பிளீச் போடச் சொல்வார்கள். வெட்டியெடுத்த கல்லுக்கு அது தேவையில்லை. அமிலமும் பிளீச்சும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது உனக்கே தெரியும்.

அடுத்ததுதான் முக்கியமான வேலை. புது மண்சட்டியைப் பழக்காமல் உலையில் ஏற்ற மாட்டாள் உன் அம்மா, கல்லும் அப்படித்தான். உணவுப்பொருள் வைக்கத்தக்க பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கு. உப்பு லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்து, ஒப்படர்த்தி 1.026 காட்டும்வரை சரிசெய். ஒரு ஹீட்டர், நீரைச் சுழற்ற ஒரு பவர்ஹெட் பம்ப். வெப்பம் 26 டிகிரி. கராஜில் வைத்தால் டாம்பா வெயிலுக்கு நீர் கொதிக்கத் தொடங்கிவிடும், வீட்டுக்குள் ஓர் அறையில் வை. மூடி போட்டுவிடு, வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை. அம்மோனியம் குளோரைடு கரைசலை, அம்மோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும்படி விட்டு, புட்டியில் விற்கும் பாக்டீரியாவையும் ஊற்று. முதலில் அம்மோனியா குறையும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். 2 பி.பி.எம். அம்மோனியா விட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமானால் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று பொருள். ஆறு வாரத்தில் ஆகலாம். நான் இரண்டு மாதம் விடுவேன். அந்த நாட்களில் கல் விடும் பாஸ்பேட்டும் வெளியே வந்து முடியும்.

ஜூன் முதல் நவம்பர் வரை உங்களுக்குப் புயல் காலம் அல்லவா? மின்சாரம் போய் நீரோட்டம் நின்றால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பேட்டரியில் ஓடும் சிறிய காற்று பம்ப் ஒன்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள். விலை குறைவுதான், நாளைக்கு மீன்களையும் அதுதான் காப்பாற்றும்.

பண்ணைக் கல்லைக் கடைசி வாரத்தில் வாங்கி வந்து தனி வாளியில் வை. இரவில் சிவப்பு விளக்கைப் பிடித்துப் பார். ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டால் உள்ளே மான்டிஸ் இறால் இருக்கக்கூடும். அது நத்தையை ஓட்டோடு உடைத்துத் தின்னும். துளையைப் பார்த்து வைத்துக்கொண்டு, அந்தக் கல்லை மட்டும் நீரிலிருந்து சற்று நேரம் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் வெளியே வந்து விழும். வெறுங்கையால் பிடிக்காதே. மயிர் முளைத்த கருங்கால் நண்டையும் எடுத்துவிடு. முள்புழுக்கள் இருந்தால் இருக்கட்டும், அவை குப்பை தின்னிகள்.

அடுக்கும்போது பெரிய கல்லைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் உட்கார வைத்துவிட்டு, அதன் பிறகே மணலைப் போடு. மணல் மேல் கல்லை வைத்தால், கோபி மீன் அடியில் தோண்டி ஒரு நாள் எல்லாவற்றையும் சரித்துவிடும். சூப்பர் குளூ ஜெல்லும் எப்பாக்ஸியும் சேர்த்து ஒட்டு. கையால் அசைத்தால் ஆடக் கூடாது. நான்கு பக்கமும் கண்ணாடியிலிருந்து நான்கு அங்குலம் விடு, பாசி சுரண்டும் காந்தம் போக வேண்டும். சுவர் போல அடுக்காமல் நடுவில் குகை, மேலே தட்டு என்று விட்டு விட்டு வை. நீர் கல்லைச் சுற்றி ஓடினால்தான் அதன் பலன்.

தொட்டியில் வைத்த சில வாரங்களில் கல் முழுவதும் பழுப்புத் தூசி படியும், பிறகு பச்சை நூல் பாசி வரும். பயந்து மருந்து ஊற்றாதே. விளக்கைக் குறைத்து வை, பாசி மேயும் ட்ரோகஸ் நத்தைகள் சிலவற்றை விடு, நீரை மாற்று. சில மாதங்களில் பண்ணைக் கல்லிலிருந்து ஊதா நிறக் கோரலைன் பாசி மற்ற கல்லுக்கும் பரவத் தொடங்கும். பவளம் வாங்குவதை அதன் பிறகு பேசுவோம். மீன் இரண்டும் கல் பழகியவுடனே வரலாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

கற்களை வாங்கி வந்ததும் தரையில் பரப்பி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. எதை அடியில் வைப்பது, எதை எதன் மேல் ஏற்றுவது என்று வரைந்து அனுப்புகிறேன். பசை போடுவதற்கு முன்பே அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
அப்பா