சித்தப்பா, சிங்கப்பூர் ஒதுங்கி நிற்கிற அரசாங்கம் இல்லை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நலம். சித்தி, பாட்டி, அப்பா, அம்மா எல்லாரும் நலம்தானே? குடும்ப வாட்ஸ்அப்பில் நீங்கள் போட்ட குரல் பதிவை முழுசாகக் கேட்டேன். அங்கேயே பதில் சொன்னால் மாமா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் என்று சண்டையாகிவிடும். அதனால் தனியாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

இலவச அரிசி, இலவச பஸ், மாதம் 1000 ரூபாய் என்று கொடுத்துக் கொடுத்து நம் ஊர் அரசாங்கம் மக்களைக் கெடுத்துவிட்டது, அது எதிலும் தலையிடாமல் ஒதுங்கி நின்றால் நாமே முன்னேறிவிடுவோம், சிங்கப்பூர் அப்படித்தான் முன்னேறியது, நீதான் அங்கே இருக்கிறாயே, நீயே சொல் என்கிறீர்கள். சரி, சொல்கிறேன். சிங்கப்பூர் ஒதுங்கி நிற்கிற அரசாங்கம் இல்லை. மனிதனின் வாழ்க்கைக்குள் இவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்திருக்கிற அரசாங்கத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நான் அங் மோ கியோவில் ஒரு அறையில் வாடகைக்கு இருக்கிறேன் இல்லையா, அந்த அடுக்குமாடியைக் கட்டியதே அரசாங்கம்தான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்று 1960இல் தொடங்கினார்கள், இங்கே எல்லாரும் வீவக வீடு என்பார்கள். நாட்டு மக்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். நிலம் எங்கிருந்து வந்தது? 1966இல் ஒரு சட்டம் போட்டுத் தனியாரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள், அதுவும் சந்தை விலைக்கு இல்லை. வீடு வாங்குகிறவருக்கும் அது 99 வருடக் குத்தகைதான். 1989இலிருந்து இன்னொன்றும் இருக்கிறது: ஒவ்வொரு கட்டடத்திலும் சீனர் இவ்வளவு, மலாய்க்காரர் இவ்வளவு, இந்தியர் இவ்வளவு என்று வரம்பு. என் வீட்டுக்காரர் தமிழர். அவருடைய கட்டடத்தில் சீனர்களின் வரம்பு நிறைந்திருந்தால் அவர் தன் வீட்டை ஒரு சீனருக்கு விற்க முடியாது, வாங்க வருகிற ஆட்கள் குறைந்துவிடுவார்கள், விலையும் குறையும். வேலை செய்கிற, 55 வயதைத் தாண்டாத குடிமகனின் சம்பளத்தில் நூற்றுக்கு 20 டாலர் மத்திய சேம நிதிக்குப் போய்விடும், முதலாளி மேலே 17 போடுவார், நினைத்தபோது எடுக்க முடியாது. கார் வாங்க வேண்டுமானால் முதலில் ஏலத்தில் ஓர் உரிமைச் சீட்டு வாங்க வேண்டும், அது பத்து வருடத்துக்குத்தான் செல்லும், சில சமயம் அந்தச் சீட்டே 1,00,000 டாலரைத் தாண்டிவிடுகிறது.

அப்புறம் நீங்கள் இலவசம் என்று திட்டுகிறீர்களே, 2025இல் நாட்டுக்கு 60 வயது என்று 21 வயது முடிந்த குடிமக்கள் எல்லாருக்கும் 600 டாலர் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள், 60 வயதானவர்களுக்கு 800 டாலர். கடையில் காய்கறி வாங்கவும் உணவங்காடியில் சாப்பிடவும் செலவு செய்தார்கள். அதனால் ஜனங்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று இங்கே ஒருவர்கூடச் சொல்லி நான் கேட்கவில்லை.

ஆனால் உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது தண்ணீரைப் பற்றி. இங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கிறோம். வந்த புதிதில் எனக்குக் கை வரவில்லை. இந்தத் தீவில் ஆறு என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, 1962இல் போட்ட ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து தண்ணீர் வாங்குகிறார்கள், அது 2061 வரைதான். அதனால் மழைநீரைப் பிடிக்கிறார்கள், கடல்நீரைச் சுத்திகரிக்கிறார்கள், 2003இலிருந்து கழிவுநீரையும் சுத்தம் செய்து நியூவாட்டர் என்ற பெயரில் மறுபடி பயன்படுத்துகிறார்கள். எல்லாம் ஒரே அரசு நிறுவனத்தின் பொறுப்பு. நம் சென்னையில் என்ன? 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த மாதங்களில் நம் தெருவில் லாரிக்காரர் சொன்னதுதான் விலை. நல்ல மழை பெய்த வருடத்திலும் குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம், கேன் போடுகிற பையன் ஒரு நாள் வரவில்லை என்றால் சித்தி தவித்துப்போகிறார். குடிநீர் விஷயத்தில் அரசாங்கம் நீங்கள் கேட்கிற மாதிரியே பாதி ஒதுங்கித்தான் நிற்கிறது சித்தப்பா. அது ஒதுங்கின இடத்துக்குச் சுதந்திரம் வரவில்லை, தண்ணீர் லாரி வந்தது. பணம் இருக்கிற வீட்டுக்கு லாரி, இல்லாத வீட்டுக்கு அடிபம்பும் வரிசையில் குடமும். பல் தேய்க்கிற தண்ணீருக்கு லாரி டிரைவருக்குப் போன் போட்டுக் கெஞ்சுகிறவரைச் சுதந்திர மனிதர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நீங்கள் ராஜாஜியை மேற்கோள் காட்டுவீர்கள் என்று தெரியும். எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. 1952இல் முதலமைச்சராக வந்ததும் உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்தார், பெரிய தைரியம் அது. 1959இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று டெல்லியைச் சாடினார். ஒருவர் தொழிற்சாலையில் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு செய்ய வேண்டும் என்று டெல்லியில் இருக்கிற அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்ற நிலைமை அநியாயம், அதில் அவர் சொன்னது சரி. ஆனால் அதே ராஜாஜிதான் 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தவர், அதனால் போன வருமானத்துக்காக 1939இல் விற்பனை வரி போட்டவர். அவரே எல்லா இடத்திலும் அரசாங்கம் ஒதுங்கட்டும் என்று சொல்லவில்லை. எங்கே நிற்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்றுதான் கேட்டார், நாமும் அதைத்தான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சித்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதற்கு முன்பு சித்தி பெரம்பூரில் தன் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டுமானால் உங்களிடம் காசு கேட்க வேண்டும், நீங்கள் கொடுப்பீர்கள், அதில் குறை சொல்லவில்லை, ஆனாலும் கேட்க வேண்டும். இப்போது மாம்பலத்தில் பஸ் ஏறிக் கிளம்பிவிடுகிறார். போனில் என்னிடம் அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த நடமாட்டம் அது. இதையும் தனிமனித சுதந்திரக் கணக்கில்தான் நான் எழுதுவேன். பள்ளிக்கூடச் சாப்பாடும் அப்படித்தான். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்தது, 1956இல் காமராஜர், 1982இல் எம்.ஜி.ஆர்., 2022இல் காலை உணவு என்று நூறு வருடமாக வளர்ந்திருக்கிறது. சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் யாரும் சோம்பேறியாகவில்லை. என்னோடு வேலை செய்கிற புதுக்கோட்டைக்காரர்கள் பாதிப் பேர் அந்தச் சாப்பாட்டில் படித்து டிப்ளமோ முடித்தவர்கள், காலை ஆறு மணிக்கு சைட்டில் நிற்கிறார்கள்.

இனி மறுபக்கம். இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது, நம் ஊரும் இப்படியே ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். இங்கே ஒரே ஒரு ஆள் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு பொது இடத்தில் நின்றால்கூட, அது ஒரு கருத்துக்காக என்றால், போலீஸ் அனுமதி வேண்டும். 2009இல் வந்த சட்டம். ஹாங் லிம் பூங்காவில் 2000இலிருந்து பேச்சாளர் மூலை என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், குடிமக்கள் அங்கே பேசலாம், கூட்டம் போடலாம், என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரர் போராட்டத்தில் கலந்துகொள்ள முடியாது. நம் ஊரிலும் அனுமதி கேட்கத்தான் வேண்டும், சென்னை மாநகர போலீஸ் சட்டத்தின் 41ஆம் பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு மறுக்கிறார்கள், மெரினாவில் கூடவே கூடாது என்கிறார்கள். இருந்தாலும் வள்ளுவர் கோட்டம் பக்கம் போனால் செவிலியர்களோ ஆசிரியர்களோ கோஷம் போட்டுக்கொண்டிருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம். அந்தச் சத்தம் இல்லாத ஊரில் இருந்து பார்த்தால்தான் அதன் அருமை தெரிகிறது.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. கட்டட வேலை, வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒர்க் பெர்மிட் என்று ஒரு அனுமதி. அந்த அனுமதியில் இருக்கிறவர் சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால் அரசாங்கத்தின் ஒப்புதல் வேண்டும். வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, கர்ப்பம் என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். 2020 கொரோனாவில் தொழிலாளர் விடுதிகளை மூடி மாதக்கணக்கில் ஆட்களை உள்ளேயே வைத்திருந்தார்கள், அப்போது இருந்தவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுகிறது. லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் 2013இல் கலவரம் நடந்த பிறகு 2015இல் மதுச் சட்டம் வந்தது: நாடு முழுக்க இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது, தேக்காவிலும் கேலாங் என்ற வட்டாரத்திலும் மட்டும் சனிக்கிழமை காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடுகிறவர்கள் யார்? நம் ஆட்கள்தான். நான் குடிக்கிறவன் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு பேட்டைக்கு மட்டும் ஒரு சட்டம் என்றால் மனசு ஒப்பவில்லை.

மதுவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், நம் டாஸ்மாக் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். 2003இலிருந்து கடை வைத்துச் சில்லறையில் விற்பதும் அரசாங்கமே, குடி கேடு என்று பாட்டிலில் அச்சடிக்க வைப்பதும் அரசாங்கமே. குடிப்பதும் குடிக்காததும் அவரவர் விருப்பம் என்று விட்டுவிட்டு, வரியைப் போட்டு, கடை எங்கே இருக்கலாம், எந்த நேரத்தில் திறக்கலாம் என்று ஒழுங்குபடுத்துவது வேறு. தானே கல்லாவில் உட்கார்ந்தால் குடியைக் குறைக்க அரசாங்கத்துக்கு எப்படி மனசு வரும்? அங்கேயிருந்து அது விலகத்தான் வேண்டும்.

அதே சமயம் 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது, என் மொட்டை மாடியில் விழுகிற தண்ணீரை என்ன செய்வது என்று எனக்கு யார் சொல்வது என்று நீங்கள் கோபப்பட்டதாக அப்பா சொல்வார். அந்தக் கட்டாயம் நியாயமானது சித்தப்பா. நம் மாம்பலம் மண்ணில் உங்கள் கிணறும் எதிர்வீட்டுக் கிணறும் ஒரே நிலத்தடி நீரில்தான் இருக்கின்றன, நீங்கள் மழையைச் சாக்கடையில் விட்டால் காய்வது அவர்களுடைய கிணறும்தான். தனியாள் செய்ய முடியாதது, அல்லது நான் செய்யாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரைப் பாதிக்கிறது, இப்படிப்பட்ட விஷயங்களில் அரசாங்கம் கண்டிப்பாக நிற்க வேண்டும்: தண்ணீர், வடிகால், ஆஸ்பத்திரி, பஸ், பள்ளிக்கூடம். யாரைக் கல்யாணம் செய்துகொள்வது, எந்தக் கருத்தை அட்டையில் எழுதி நிற்பது, இதில் அதற்கு வேலை இல்லை. முக்கியமாக, குழாயில் தண்ணீர் கொடுத்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டிரு என்று எந்த அரசாங்கமும் சொல்லக் கூடாது. அது நம் வரிப்பணத்தில் வந்த தண்ணீர். இங்கே 9 சதவீத ஜிஎஸ்டியை நானும்தான் ஒவ்வொரு பில்லிலும் கட்டுகிறேன், அங்கே ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அம்மாவும் சோப்பு வாங்கும்போது கட்டுகிறார்.

ஒரு விஷயத்தில் நம் ஊரை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. இங்கே பலதுறை மருந்தகம் என்கிற அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம், எனக்கு முழுக் கட்டணம், முதலாளி எடுத்த இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் கஷ்டம்தான். சென்ட்ரலுக்கு எதிரே நம் ஜி.ஹெச்சில் ஒடிசாவிலிருந்து வந்த கூலிக்காரர் அடிபட்டுப் போனாலும் நீ எந்த ஊர் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதில்லை. கூட்டம், அழுக்கு, காத்திருப்பு எல்லாம் உண்டு, அதைச் சரிசெய்யச் சொல்லிச் சண்டை போட வேண்டும். ஆனால் வாசலில் ஆளைப் பிரிக்காத அந்தக் குணத்தை நாம் விட்டுவிடக் கூடாது.

அதனால் பாட்டியின் கண்புரைக்கு நேராகத் தனியாருக்குப் போக வேண்டாம், முதலில் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். 1819இலிருந்து நடக்கிறது, நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அங்கே தேதி தள்ளிப்போனால் மட்டும் வேறு இடம் பார்க்கலாம், பணம் நான் அனுப்புகிறேன். நம் தெரு மழைநீர் வடிகாலைப் பற்றி வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள், பகுதி சபைக் கூட்டம் எப்போது என்றும் கேளுங்கள், தம்பியையும் அழைத்துக்கொண்டு போங்கள், மழைக்கு முன்னால் கேட்டால்தான் பலன். அப்பாவின் மாத்திரைக்கு இந்த மாதப் பணம் போட்டுவிட்டேன். பொங்கலுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் மீதி வாதத்தை நேரில் வைத்துக்கொள்வோம், உங்கள் பதிலை மட்டும் அதற்கு முன்பே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்